அண்ணனிடம் போய்விட்டு வந்து எழுதுங்கள்

மேய்ப்பர் பதில்கள்

கேள்வி: புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் நான் எடுத்த வாக்குத்தத்த அட்டையில் ஆசீர்வாதம் பெருகும் என்று இருந்தது. மார்ச்சில் வேலை போய்விட்டது. தேவன் ஏன் என்னை ஏமாற்றினார்?
– ஒரு சகோதரர், கோவை

பதில்: தேவன் ஏமாற்றவில்லை. அட்டைகளைக் கலைத்துத் தட்டில் வைத்தது உங்கள் சபைக் கமிட்டி. அந்த வசனத்தை அதன் அதிகாரத்தோடு சேர்த்து வாசியுங்கள். யாருக்கு, எந்த நெருக்கடியில் சொல்லப்பட்டது என்று தெரியும். வேலை போனதை வெட்கப்படாமல் போதகரிடம் சொல்லுங்கள். சபையில் நாலு பேருக்குத் தெரிந்தால்தான் நாலு இடத்தில் கேட்டுப் பார்ப்பார்கள்.

கேள்வி: குழந்தை பிறந்து ஐந்து மாதம். காரணமே இல்லாமல் அழுகை வருகிறது. ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை. விசுவாசம் குறைந்துவிட்டது, உபவாசம் இரு என்கிறார் மாமியார்.
– ஒரு சகோதரி, மதுரை

பதில்: உபவாசம் வேண்டாம், மகளே. பால் கொடுக்கிறவள் வயிறாரச் சாப்பிட வேண்டும். எலியா சூரைச்செடியின் கீழ் சாக விரும்பிப் படுத்துக் கிடந்தபோது தேவன் அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்துத் தூங்கவிட்டார். எழுப்பி மறுபடியும் சாப்பிட வைத்தார். பேச்செல்லாம் நாற்பது நாள் நடந்து ஓரேபுக்குப் போன பிறகுதான் (1 இராஜாக்கள் 19).

பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு ஒரு நோய். அதற்குச் சிகிச்சை உண்டு. இந்த வாரமே பிரசவம் பார்த்த டாக்டரிடம் சொல்லுங்கள். செத்துவிடலாம் என்றோ, குழந்தையை ஏதாவது செய்துவிடுவோமோ என்றோ தோன்றினால் அன்றைக்கே, அந்த மணிக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மிஷன் ஆஸ்பத்திரியான வேலூர் சி.எம்.சி.யே பாகாயத்தில் மனநலத்துக்கென்று தனி மையம் நடத்துகிறது என்று மாமியாரிடம் சொல்லுங்கள். ஜெபம் வராவிட்டால் பரமண்டல ஜெபம் போதும். அதுவும் வராத நாளில் உங்கள் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லட்டும்.

கேள்வி: சந்தோஷத்தைப் பற்றி வேதத்தில் எங்கே வாசிக்கத் தொடங்குவது?
– கல்லூரி மாணவர், சென்னை

பதில்: பிலிப்பியர். நாலே அதிகாரம், ஒரே இருப்பில் சத்தமாக வாசித்துவிடலாம். பவுல் அதைக் காவலில் இருந்துகொண்டு எழுதினார். நாலாம் அதிகாரத்தில் எல்லோரும் 4ஆம் வசனத்துக்கு ஓடுவார்கள். நீங்கள் 2ஆம் வசனத்தில் நில்லுங்கள். சந்தோஷமாயிருங்கள் என்று சபைக்குச் சொல்வதற்கு முன்னால், பிணங்கிக்கொண்டிருந்த எயோதியாள், சிந்திகேயாள் என்ற இரண்டு பெண்களைப் பெயர் சொல்லி ஒத்துப்போகச் சொல்கிறார்.

கேள்வி: பரம்பரைக் கிறிஸ்தவக் குடும்பம். வெள்ளிதோறும் உபவாசம். தசமபாகம் தவறியதில்லை. வேதத்தை வருடத்துக்கு ஒருமுறை வாசித்து முடிக்கிறேன். ஆனால் கன்வென்ஷனில் கிடைக்கும் சந்தோஷம் திங்கட்கிழமை வரைகூட நிற்பதில்லை. நிலைத்த சந்தோஷத்துக்கு இன்னும் என்ன செய்ய வேண்டும்? (சுவர்த் தகராறில் அண்ணனோடு பேசி ஆறு வருடமாகிறது. அது கோர்ட்டில் இருக்கிறது, வேறு விஷயம்.)
– சபைக் கமிட்டி உறுப்பினர், திருநெல்வேலி மாவட்டம்

பதில்: வேறு விஷயம் இல்லை, ஐயா. அதுதான் விஷயம். அடைப்புக்குறிக்குள் போட்டதை நீங்கள் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும்.

மத்தேயு 5:23, 24ஐ எடுங்கள். காணிக்கையோடு பலிபீடம் வரை வந்துவிட்டவனைக்கூட இயேசு திருப்பி அனுப்புகிறார்: அதை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்கிறார். தப்பு யார் பேரில் என்ற விசாரணையே அங்கே கிடையாது. அவனுக்கு உன்மேல் குறை இருப்பது ஞாபகம் வந்தால் புறப்படவேண்டியவன் நீதான். தேவனுடைய ராஜ்யத்தை முதலில் தேடச் சொல்லும் 6:33ஐச் சட்டம் போட்டு நடுவீட்டில் மாட்டுகிறோம். 5:24ஐ மாட்டிய வீட்டை இத்தனை வருட வீடு சந்திப்பில் நான் பார்த்ததில்லை.

நான் பார்ப்பது வேறு. அசனத்துக்கு அரிசி மூட்டை தம்பி பேரில், கிடா அண்ணன் பேரில் வருகிறது. பந்தியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. திருவிருந்துக்கு அண்ணன் போய் முழங்காலிட்டால், அவர் எழுந்து வரும் வரை தம்பி பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறார். ஒரே பாத்திரத்தில் குடிக்கிறவர்கள் இவர்கள்! அப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு இதைப் பார்க்கிற போதகனின் நெஞ்சு என்ன பாடுபடும் என்று யோசித்ததுண்டா?

கலாத்தியர் 5:22இல் ஆவியின் கனியைச் சொல்லும்போது பவுல் சந்தோஷத்தை அன்புக்கும் சமாதானத்துக்கும் நடுவில் வைக்கிறார். நீங்கள் இரண்டு பக்கமும் வெட்டிவிட்டு நடுவில் இருப்பதை மட்டும் கேட்கிறீர்கள். இன்னும் ஒரு நாள் உபவாசம் கூட்டினால் அது கிடைக்காது.

வருகிற வெள்ளி ஜெபக்கூட்டத்துக்குப் போகாதீர்கள். அண்ணன் வீட்டுக்குப் போங்கள். சுவரைப் பற்றி வாய் திறக்க வேண்டாம். அளந்து கல் நட சர்வேயர் இருக்கிறார். அண்ணிக்கு உடம்பு எப்படி இருக்கிறது, பேரப்பிள்ளை என்ன படிக்கிறது என்று கேளுங்கள். கதவைச் சாத்தினால் அடுத்த மாதமும் போங்கள். போய்விட்டு வந்து எழுதுங்கள், மீதியைப் பேசுவோம்.

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் மகனுக்கு ஞாயிறு காலை டியூஷன். ஒரு வருடம் ஆராதனையைத் தள்ளிவைக்கலாமா?
– ஒரு தாய், நாகர்கோவில்

பதில்: கூடாது. எதை எப்போது தள்ளிவைக்கலாம் என்பதை அவன் உங்களிடம்தான் படிக்கிறான். மாலை ஆராதனை நடக்கும் கோயில் பக்கத்தில் இருக்கும், விசாரியுங்கள். நீங்களும் கூடப் போங்கள்.

கேள்வி: இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருக்கிறேன். கோயிலுக்குப் போகமுடியாமல் சந்தோஷமே போய்விட்டது.
– மூதாட்டி, தூத்துக்குடி

பதில்: அம்மா, டோனாவூர் மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1931இல் விழுந்து அடிபட்டவர், 1951இல் மறையும் வரை பெரும்பாலும் தம் அறையிலேயே இருந்தார். வலி இல்லை என்று நடித்தவர் அல்ல. நோயாளியாக இருந்துகொண்டே நோயாளிகளுக்குக் கடிதங்கள் எழுதினார். அவை புத்தகமாகவும் வந்தன. உங்கள் சபையில் படுக்கையில் இருப்பவர்களின் பெயர்களைச் சேகரகுருவிடம் கேட்டு வாங்கி, நாளுக்கு ஒருவரிடம் போனில் பேசுங்கள். இரண்டு நிமிடம் போதும். திருவிருந்தை வீட்டுக்குக் கொண்டுவந்து தருவது போதகரின் கடமை. இந்த மாதம் அவர் வரவில்லை என்றால் தயங்காமல் போன் போட்டுக் கேளுங்கள்.