நம்பிக்கைகளும் உண்மைகளும்: அந்தமானில் ஒரு லினக்ஸ் கணினி, அதில் இரண்டாவது ஹார்ட் டிஸ்க்

நம்பிக்கை: இரண்டாவது டிஸ்க்கை எஸ்டிபி என்று காட்டுகிறதே, அந்தப் பெயரிலேயே மவுண்ட் செய்துவிடலாம்.

அந்தப் பெயர் நிலையானதல்ல. கணினி எழும்போது எந்த டிஸ்க் எந்த வரிசையில் கண்ணில் படுகிறதோ, அதன்படி லினக்ஸ் கொடுக்கும் பெயர் அது. யூஎஸ்பி டிஸ்க் ஒன்றைச் செருகியபடி ரீஸ்டார்ட் செய்தால் நேற்றைய எஸ்டிபி இன்று எஸ்டிசி ஆகலாம். பார்மட் செய்யும்போது கிடைக்கும் யூயூஐடி என்ற நீண்ட எண் மறுபடி பார்மட் செய்யும்வரை மாறாது. எதை எங்கே மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் அதைத்தான் எழுத வேண்டும், கூடவே 'நோஃபெயில்' என்ற சொல்லையும். அந்தச் சொல் இல்லையென்றால், டிஸ்க் கழன்றிருக்கும் நாளில் கணினி ஒன்றரை நிமிடம் காத்துப் பார்த்துவிட்டு எமர்ஜென்சி மோடில் போய் நின்றுவிடும்.

நம்பிக்கை: போல்டர் காலியாக இருந்தால் எல்லாம் அழிந்துபோயிற்று.

பெரும்பாலும் டிஸ்க் மவுண்ட் ஆகாததுதான் காரணம். ஸ்வராஜ் தீவில் கடலடி வீடியோ எடுப்பவர் ஒருவர், காலிப் போல்டரைப் பார்த்துப் பதறி மெமரி கார்டிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி நகலெடுக்கிறார் என்று வையுங்கள். அவை போய்ச் சேருவது முதல் டிஸ்க்கில். அது நிரம்பிக் கணினியே திணறும். அடுத்த முறை இரண்டாவது டிஸ்க் மவுண்ட் ஆனதும் புது நகல்கள் அதற்கடியில் மறைந்துவிடும். இடம் மட்டும் எங்கே போனதென்று தெரியாது. டிஸ்க் மவுண்ட் ஆகாத நிலையில் அந்த வெற்றுப் போல்டரை 'சாட்டர்' கட்டளையால் பூட்டி வைத்தால் தவறி எதுவும் அதில் விழாது. பலர் செய்யாத வேலை இது. எனக்கு இதுதான் முதல் வேலை.

நம்பிக்கை: 4 டெராபைட் வாங்கினால் இடம் குறைகிறது, கம்பெனி ஏமாற்றுகிறது.

கம்பெனி ஆயிரத்தால் எண்ணுகிறது, லினக்ஸின் பல கருவிகள் 1024-ஆல் எண்ணுகின்றன. அதனால் சுமார் 3.6 என்று வரும். போதாததற்கு இஎக்ஸ்டி4 என்ற கோப்பு முறைமை நூற்றில் ஐந்து பங்கை ரூட் பயனருக்கென ஒதுக்குகிறது. கோப்புகள் மட்டும் வைக்கும் டிஸ்க்கில் அந்த ஒதுக்கீட்டை எடுத்துவிடலாம், ஏறக்குறைய 200 ஜிபி திரும்பக் கிடைக்கும்.

நம்பிக்கை: இஎக்ஸ்டி4-இல் ஜர்னல் இருக்கிறது, கரண்ட் போனாலும் கவலையில்லை.

தீவுகளின் மின்சாரம் பெரும்பாலும் டீசல் ஜெனரேட்டரை நம்பியது. இங்கே இந்த நம்பிக்கை ஆபத்தானது. வழக்கமான அமைப்பில் ஜர்னல் காப்பது கோப்பு முறைமையின் கட்டமைப்பை. நீங்கள் எழுதிய உள்ளடக்கம் அரை நிமிடம்போல நினைவகத்திலேயே தங்கியிருக்கக்கூடும். அந்த நேரத்தில் கரண்ட் போனால் அது போனதுதான். சின்ன யூபிஎஸ் ஒன்று கட்டாயம் வேண்டும்.

நம்பிக்கை: இரண்டாவது டிஸ்க்கில் போட்டுவிட்டேன், பேக்கப் ஆகிவிட்டது.

இந்தப் பத்தியை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான். ஒரே பெட்டிக்குள் இருக்கும் இரண்டு டிஸ்க்குக்கும் ஒரே மின்சாரம், ஒரே உப்புக்காற்று, ஒரே தரை. 2004 டிசம்பர் 26 அன்று கார் நிக்கோபாரின் கரையோர ஊர்களைக் கடல் வாரிக்கொண்டு போனது. வீட்டுக்குள் எத்தனை நகல் வைத்திருந்தாலும் அப்படியொரு நாளில் உதவாது. ஒரு நகல் கடல் தாண்டி இருக்கவேண்டும்.

நம்பிக்கை: தீவிலிருந்து அதெல்லாம் நடக்காது, நெட் போதாது.

சாட்டிலைட்டை நம்பியிருந்த காலத்தில் அது சரி. 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும் (இன்றைய ஸ்ரீ விஜயபுரம்) வேறு ஏழு தீவுகளுக்கும் சுமார் 2,300 கிலோமீட்டர் கடலடிக் கேபிள் செயல்பாட்டுக்கு வந்தது. விநாடிக்கு 40 மெகாபிட் அப்லோடு கிடைத்தால் 500 ஜிபி ஏற்ற ஏறக்குறைய 28 மணி நேரம். முதல் முறைதான் இவ்வளவு. பிறகு 'ஆர்சிங்க்' என்ற நகலெடுக்கும் கருவி மாறியவற்றை மட்டும் அனுப்பும். இணைப்பு அவ்வளவு நன்றாக இல்லாத தீவுக்காரர்கள், சென்னைக் கப்பல் ஏறும் உறவினரிடம் ஒரு போர்ட்டபிள் டிஸ்க்கைக் கொடுத்தனுப்பலாம். கொடுக்குமுன் 'லக்ஸ்' முறையில் என்கிரிப்ட் செய்துவிடுங்கள், பாஸ்வேர்டை டிஸ்க்கோடு அனுப்ப வேண்டாம்.