எட்டுப் பேர் இழுத்தால் எட்டு மடங்கா?

எண்ணூர்க் குப்பங்களில் மீனவர்கள் ஃபைபர் படகைக் கரையேற்றுவதைப் பார்த்திருக்கிறீர்களா? ஒருவர் குரல் கொடுப்பார். மற்றவர்கள் அந்தக் குரலுக்கு ஒருசேரத் தம் பிடித்து இழுப்பார்கள். குரல் எதற்கு? விசைகள் ஒரே திசையில், ஒரே கணத்தில் செயற்பட்டால்தான் தொகுபயன் விசை முழுமையாகக் கிடைக்கும்.

பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கெல்மான் ஆட்களைக் கயிறு இழுக்கச் செய்து விசையை அளந்தார். முடிவுகள் 1913இல் வெளிவந்தன. தனியாள் இழுவை 1 என்றால், எட்டுப் பேர் சேரும்போது கிடைத்தது 8 அன்று; ஏறத்தாழ 4தான்!

மீதிப் பாதி எங்கே போயிற்று? இயற்பியல் ஆசிரியனாகிய நான் முதலில் கோணத்தைத்தான் சந்தேகிப்பேன். ஆனால் கயிற்றின் திசையிலிருந்து 20 பாகை விலகி இழுத்தாலும் இழப்பு 6 விழுக்காடே (கொசைன் அட்டவணையைப் பாருங்கள்). ஆளுக்கொரு நேரத்தில் இழுப்பதாலும் கொஞ்சம் வீணாகும். அவ்வளவுதானா?

அமெரிக்காவில் ஆலன் இங்கம் குழுவினர் 1974இல் வெளியிட்ட சோதனை சுவையானது. ஒருவரின் கண்ணைக் கட்டிக் கயிற்றின் முன்னால் நிறுத்தினர். பின்னால் நின்றவர்கள் இழுப்பதுபோல் நடித்தார்கள், இழுக்கவில்லை. அப்போதும் முன்னவரின் இழுவை குறைந்தது! கோணப் பிழையில்லை, நேரப் பிழையில்லை. தம்முடன் பலர் இழுக்கிறார்கள் என்ற எண்ணமே விசையைக் குறைத்துவிட்டது.

நீர்த்துளியைச் சேர்த்துப் பிடிக்கும் ஓரினக் கவர்ச்சியைப் படித்திருப்பீர்கள். விளையாட்டு அணியிலும் அப்படியொரு பிணைப்பு உண்டு. ஆனால், நீர் மூலக்கூறு தன் துளியைப் பற்றி எதுவும் நினைப்பதில்லை, ஆட்டக்காரர் நினைக்கிறார். அந்த நினைப்பை அளக்கக் கனடாவில் ஆல்பர்ட் கேரனும் உடன் ஆய்வாளர்களும் 1985இல் 18 கூற்றுகள் கொண்ட வினாத்தாளை வெளியிட்டனர். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 9 வரை எண் இடவேண்டும். இலக்குக்காகச் சேர்ந்து உழைக்கும் பிணைப்பு வேறு, நட்புப் பிணைப்பு வேறு என்று அது பிரித்துக் காட்டுகிறது.

இரண்டும் சேர்ந்தேதான் இருக்கவேண்டுமா? 1960 ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஜெர்மானிய எண்மர் படகில் துடுப்பு வலித்தவர் ஹான்ஸ் லெங்க். பிற்காலத்தில் தத்துவப் பேராசிரியரான அவர், உட்பூசல் இருந்தும் தம் குழு வென்றதை ஆராய்ந்து எழுதினார். படகு கோபதாபங்களை அறியாது. துடுப்புகள் ஒன்றாக விழுந்தால் போதும்!

உங்கள் பள்ளிக் கால்பந்து அணியிலும் சோதித்துப் பார்க்கலாம். "ஆட்டத்தில் ஒன்றாக முயல்கிறோமா?", "ஆட்டத்துக்கு வெளியேயும் கூடிப் பழகுகிறோமா?" என்னும் இரு கேள்விகளுக்கு ஒவ்வொருவரும் 1 முதல் 9 வரை எண் தரட்டும். சராசரியை மட்டும் கணக்கிட்டு நிறுத்திவிடாதீர்கள். அணித்தலைவர் 8 தரும் கேள்விக்கு, வெளியே உட்கார்ந்திருக்கும் மாற்று ஆட்டக்காரர் 3 தரக்கூடும். அந்த இடைவெளியையும் குறித்துக்கொள்ளுங்கள். தாளில் பெயர் வேண்டா; கையெழுத்தும் காட்டிக்கொடுக்கும், எண்ணை வட்டமிட்டால் போதும்.