மதிப்பு எழுதாத ரசீதில் கையெழுத்துப் போடாதீர்கள்

அன்புள்ள திருநள்ளாறு சகோதரிக்கு,

ஆவணி பிறந்ததும் அம்மாவை அழைத்துக்கொண்டு செகந்திராபாத்துக்குக் குடிபோவதாக எழுதியிருந்தீர்கள். விலை கேட்ட பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் நிறுவனங்கள் எல்லாம் ஒன்றையே சொல்கின்றன என்றும் எழுதியிருந்தீர்கள்: "ரசீதில் 'பழைய வீட்டுச் சாமான், மதிப்பு இல்லை' என்று போட்டுவிடுவோம். இல்லாவிட்டால் எல்லையில் மடக்குவார்கள்." இதற்குச் சம்மதிக்கலாமா என்பது உங்கள் கேள்வி.

சம்மதிக்காதீர்கள். சட்டம் உங்களுக்குத் தரும் பாதுகாப்பு முழுவதையும் அந்த ஒரு வரி கரைத்துவிடும். இது பலருக்கும் உதவும் என்பதால் எல்லோரும் படிக்கும்படி இங்கேயே பதில் எழுதுகிறேன்.

உங்களைப் போன்ற காரைக்கால்காரர்களை எல்லையைச் சொல்லிப் பயமுறுத்துவது சுலபம். வடக்கே மயிலாடுதுறை மாவட்டம், தெற்கே நாகப்பட்டினம், மேற்கே அம்பகரத்தூரைத் தாண்டினால் திருவாரூர். சொந்தத் தலைநகரான புதுச்சேரிக்குப் போவதானாலும் தமிழ்நாட்டுக்குள் புகுந்துதான் போகவேண்டும். மதுபாட்டிலுக்காக வண்டியை நிறுத்திச் சோதிப்பதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, பீரோவையும் கட்டிலையும்கூட மறிப்பார்கள் என்றால் நம்பத்தான் தோன்றும். ஆனால் 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபின் மாநில எல்லைகளில் இருந்த வணிகவரிச் சாவடிகள் எடுக்கப்பட்டுவிட்டன. 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் வேண்டும் என்பது பொதுவிதி. பயன்படுத்திய வீட்டுச் சாமான்களுக்கு அந்த விதியிலேயே விலக்கு உண்டு. மதிப்பு எட்டு லட்சம் என்று எழுதினாலும் அந்த விலக்கு போய்விடாது. ஆகவே 'பயன்படுத்திய வீட்டுச் சாமான்' என்றும் எழுதட்டும். பக்கத்திலேயே உண்மையான மதிப்பையும் எழுதட்டும். பெட்டி பிரிக்காத புதுப்பொருள் ஏதாவது இருந்தால் அதன் பில்லை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மதிப்பை ஏன் இத்தனை வற்புறுத்துகிறேன் என்றால், இழப்பீட்டுக் கணக்கு அதிலிருந்துதான் தொடங்குகிறது. வெள்ளைக்காரன் காலத்து 1865ஆம் ஆண்டுச் சட்டத்தை மாற்றி 2007இல் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் இயற்றப்பட்டது. 2011 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. சாமான் தொலைந்தாலோ உடைந்தாலோ நிறுவனத்தின் பொறுப்பு, நீங்கள் தரும் வாடகையைப் போலப் பத்து மடங்கு வரை என்று அதன் விதிகள் சொல்கின்றன. ஆனால் சாமானை ஒப்படைக்கும் படிவத்தில் நீங்கள் அறிவித்த மதிப்பை அது தாண்டக்கூடாது. வாடகை 30,000 என்றால் உச்சவரம்பு மூன்று லட்சம். படிவத்தில் மதிப்பு 10,000 என்று இருந்தால் உச்சவரம்பும் பத்தாயிரம்தான். மதிப்பே இல்லை என்று நீங்களே கையெழுத்துப் போட்டுவிட்டு, ஃப்ரிட்ஜ் நசுங்கியது, டிவி உடைந்தது என்று எதை வைத்துக் கேட்பீர்கள்? பத்து மடங்குக்கும் மேல் பொறுப்பு வேண்டுமென்றால், கூடுதல் கட்டணம் கட்டி எழுத்தில் வாங்கிக்கொள்ளவும் அதே சட்டம் இடம் தருகிறது. "இன்சூரன்ஸ் சேர்த்துத்தான் சொன்னோம்" என்று வாயால் சொன்னால் போதாது. காப்பீட்டு நிறுவனத்தின் பெயரும் பாலிசி எண்ணும் உள்ள தாளைக் கேளுங்கள்.

அந்தச் சட்டத்தில் இன்னும் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். பதிவுச் சான்று இல்லாமல் யாரும் இந்தத் தொழிலைச் செய்யக்கூடாது. புரோக்கரும் ஏஜெண்டும்கூட இந்தச் சட்டத்துக்குள் வருகிறவர்களே. "நாங்கள் வண்டி பிடித்துக் கொடுத்தோம், அவ்வளவுதான்" என்று கைகழுவ முடியாது. சாமானை ஏற்றுகிறவர் எல்.ஆர். எனப்படும் லாரி ரசீது தந்தாக வேண்டும். அதன் அசல் உங்களுக்கு உரியது. நஷ்டம் ஏற்பட்டால், புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்புங்கள். நோட்டீஸ் இல்லாமல் வழக்குப் போட முடியாது.

உங்கள் பக்கத்து வீட்டாருக்கு நேர்ந்ததாக நீங்கள் எழுதியது என்னை மிகவும் வருத்தியது. பால் காய்ச்ச நாள் குறித்தாகிவிட்டது என்று தெரிந்துகொண்டே லாரியை நிறுத்திவைத்து, பேசியதற்கு மேல் பணம் கேட்டிருக்கிறார்கள். நல்ல நேரம் தவறிவிடுமே என்ற பதைப்பில்தான் எல்லோரும் கொடுத்துவிடுகிறோம். பேசிய வாடகையைக் கொடுக்க வேண்டியது நம் கடமை. அதைக் கொடுத்த பிறகும் கெட்ட எண்ணத்தோடு சாமானை வைத்துக்கொள்வது குற்றம். நம்பி ஒப்படைத்த பொருளில் சரக்கு ஏற்றுகிறவர் மோசடி செய்தால் ஏழு ஆண்டு வரை சிறை என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆம் பிரிவு. வண்டி எந்த மாநிலத்தில் நின்றாலும், "அது எங்கள் எல்லை இல்லை" என்று காவல் நிலையம் உங்களைத் திருப்பி அனுப்பக்கூடாது. எந்த நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம் என்பது 2024 ஜூலை முதல் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. மூன்று பக்கமும் வேறு மாநிலம் சூழ்ந்த ஊர்க்காரர்களுக்கு இது பெரிய துணை.

ரசீதின் அடியில் பொடி எழுத்தில் 'வழக்குகள் இன்ன நகர நீதிமன்றத்துக்கு மட்டுமே உட்பட்டவை' என்று இருந்தால் மனம் தளராதீர்கள். போடிநாயக்கனூர் வியாபாரி ஒருவர் டெல்லிக்கு அனுப்பிய ஏலக்காய் தீயில் பாழானது. பம்பாய் நீதிமன்றத்துக்குத்தான் வரவேண்டும் என்றது லாரி நிறுவனம். போடியில் கிளை வைத்து அங்கேயே சரக்கை வாங்கியிருக்கும்போது பெரியகுளத்தில் வழக்குப் போட்டது சரிதான் என்று 1991இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்று உங்கள் நிலை இன்னும் வலுவானது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் ஊரின் மாவட்ட ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் புகார் தரலாம். நீங்கள் கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. இணையம் வழியாகவும் அனுப்பலாம். அதற்கு முன் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் பேசிப்பாருங்கள்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். நம் சட்டம் சிமெண்டு மூட்டைக்கும் உங்கள் அம்மாவின் தையல் இயந்திரத்துக்கும் ஒரே விதியை வைத்திருக்கிறது. அமெரிக்காவில் மாநிலம் விட்டு மாநிலம் வீடு மாறுகிறவர்களுக்கென்று தனி விதிகள் உண்டு. தோராயமாகப் போட்டுத்தந்த மதிப்பீட்டில் பத்து சதவீதத்துக்கு மேல் கூடுதலாகக் கேட்டு, இறக்கும் இடத்தில் சாமானைப் பிடித்துவைக்க முடியாது. மீதி இருந்தால் முப்பது நாள் கழித்துத்தான் பில் அனுப்ப வேண்டும். உரிமைகளை விளக்கும் கையேட்டையும் நிறுவனமே தரவேண்டும். இப்படி ஒரு விதி நமக்கும் வேண்டும் என்று நாம் கேட்கவேண்டும். வேலை மாற்றலாகி ஆண்டுதோறும் எத்தனையோ குடும்பங்கள் ஊர்விட்டு ஊர் போகும் நாட்டில் இது அதிகமான கோரிக்கை அல்ல.

அந்த விதி வரும்வரை உங்கள் கையில் இருப்பது காகிதம்தான். அட்வான்ஸ் அனுப்புமுன் பதிவு எண்ணைக் கேளுங்கள். மொத்தத் தொகையை, ஏற்றுகூலி, இறக்குகூலி, மாடிக்கூலி உட்பட எழுதி வாங்குங்கள். பெட்டிகளுக்கு எண் போட்டு, ஒவ்வொன்றிலும் உள்ளதைப் படம் எடுத்து, பட்டியலில் மதிப்பை நீங்களே எழுதுங்கள். மதிப்பை எழுத மறுக்கிறவரிடம் சாமானை ஏற்றவேண்டாம். வாடகை சற்றுக் கூடினாலும் எழுதித் தருகிறவரையே தேடிப் பிடியுங்கள்.

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்