கத்தி படுவதற்கு முன்

நம் கிராமத்தார் ஒருவர் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சென்று வயிற்றில் அறுவைச் சிகிச்சை செய்துகொள்கிறார். சிகிச்சை நன்றாகவே முடிகிறது. ஆனால் ஒரு வாரத்திற்குள் தையல் போட்ட இடம் சிவந்து, வீங்கி, சீழ் வடியத் தொடங்குகிறது. குறித்த நாளில் வீடு திரும்ப வேண்டியவர் மேலும் பல நாள் படுக்கையில் கிடக்கிறார். மருந்துச் செலவும் இழந்த கூலியும் சேர்ந்து அக்குடும்பத்தைக் கடனில் ஆழ்த்துகின்றன. “மட்டமான மருந்தைப் பூசிவிட்டார்கள்” என்று ஊரில் பேச்சு எழுகிறது. இப்பேச்சு எவ்வளவு உண்மை என்பதைச் சற்று ஆராய்வோம்.

கிருமிகள் வரும் வழி

நம் ஒவ்வொருவர் தோலின் மீதும் எண்ணற்ற கிருமிகள் வாழ்கின்றன. தோல் முழுமையாக இருக்கும் வரை அவற்றால் பெருந்தீங்கு இல்லை. கத்தி பட்டுத் தோல் பிளவுபடும்போது அவை உள்ளே நுழைந்து பெருகுகின்றன. புண்ணில் சீழ் வைப்பதற்குப் பல சமயங்களில் நோயாளியின் சொந்தத் தோலிலுள்ள கிருமிகளே காரணமாகும்.

1865ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரில் ஜோசப் லிஸ்டர் என்னும் மருத்துவர், வண்டிச் சக்கரம் ஏறிக் கால் முறிந்த 11 வயதுச் சிறுவன் ஒருவனின் புண்ணைக் கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியால் கட்டினார். சீழ் வைக்காமல் புண் ஆறியது. கிருமிகளை அழித்துப் புண்ணைக் காக்கும் முறை அதன் பின்னரே உலகெங்கும் பரவியது.

மூன்று மருந்துகள்

அறுவைக்கு முன் தோலில் பூசுவதற்கு இன்று பெரிதும் பயன்படுபவை மூன்று. முதலாவது ஸ்பிரிட், அதாவது ஆல்கஹால். இது கிருமிகளை மிக விரைவில் கொல்லும். ஆனால் ஆவியாகிவிடுவதால் இதன் பயன் நீடிப்பதில்லை. இரண்டாவது போவிடோன் அயோடின் என்னும் பழுப்பு நிற மருந்து. இது பல வகைக் கிருமிகளையும் அழிக்கும். இரத்தமும் சீழும் கலந்தால் இதன் வலிமை குறையும். மூன்றாவது குளோர்ஹெக்சிடின். இது தோலில் ஒட்டிக்கொண்டு பல மணி நேரம் வேலை செய்யும். ஆனால் கண்ணிலும் உட்காதிலும் படலாகாது. பின்னிரண்டையும் நீரில் கரைத்தோ ஸ்பிரிட்டில் கலந்தோ பயன்படுத்துவர்.

இவற்றுள் எது சிறந்தது? அமெரிக்காவில் 849 பேரைக் கொண்டு நடத்தி 2010இல் வெளியிடப்பட்ட ஆராய்ச்சியில், ஸ்பிரிட் கலந்த குளோர்ஹெக்சிடின் பூசப்பட்டவர்களில் நூற்றுக்கு 9.5 பேருக்கும், நீரில் கரைத்த போவிடோன் அயோடின் பூசப்பட்டவர்களில் நூற்றுக்கு 16.1 பேருக்கும் கிருமித்தொற்று ஏற்பட்டது. 2016இல் உலக சுகாதார நிறுவனமும் ஸ்பிரிட் கலந்த குளோர்ஹெக்சிடினையே பரிந்துரைத்தது.

எனினும் ஆராய்ச்சி அத்துடன் நிற்கவில்லை. இந்தியா உள்ளிட்ட ஏழு நாடுகளில் வயிற்று அறுவை செய்துகொண்ட 5,788 பேரைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சி 2021இல் வெளியாயிற்று. அதில் இவ்விரு மருந்துகளுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. சுவிட்சர்லாந்தில் 3,360 பேருக்கு இரு மருந்துகளையும் ஸ்பிரிட்டிலேயே கலந்து பூசிப் பார்த்தனர். 2024இல் வெளியான அம்முடிவின்படி, அயோடின் பூசப்பட்டவர்களில் நூற்றுக்கு 5.1 பேருக்கும், குளோர்ஹெக்சிடின் பூசப்பட்டவர்களில் நூற்றுக்கு 5.5 பேருக்கும் தொற்று ஏற்பட்டது. ஆகவே பழுப்பு மருந்தைக் கண்டதும் அது மட்டமானது என்று முடிவு கட்டுவது தவறு. மருந்தின் பெயரும் விலையும் மட்டுமே நோயாளியைக் காப்பதில்லை. அதைப் பயன்படுத்தும் முறையும் காக்கிறது.

பூசும் முறை

வெட்டப்படும் இடத்தைச் சுற்றியும் அகலமாகப் பூச வேண்டும். பூசியதைத் துடைக்காமல் தானாக உலர விட வேண்டும். ஸ்பிரிட் கலந்த மருந்தாயின் குறைந்தது மூன்று நிமிடமாவது காத்திருத்தல் அவசியம். ஈரம் தங்கியிருக்கையில் மின் கருவியைப் பயன்படுத்தினால் தீப்பற்றக்கூடும். இவை மருத்துவரும் தாதியரும் கவனிக்க வேண்டியவை.

நாம் செய்ய வேண்டியவை

நோயாளியும் குடும்பத்தாரும் கவனிக்க வேண்டியவையும் சில உண்டு. அறுவைக்கு முன் சோப்புத் தேய்த்து நன்கு குளிக்க வேண்டும். வீட்டிலோ முடிதிருத்தகத்திலோ அவ்விடத்து முடியைச் சவரம் செய்துகொண்டு வரலாகாது. சவரக் கத்தி கண்ணுக்குத் தெரியாத கீறல்களை உண்டாக்கும்; உழுத நிலத்தில் விதை பற்றுவதுபோல் அக்கீறல்களில் கிருமிகள் பற்றிக்கொள்ளும். முடியை நீக்குவது அவசியமானால் ஆஸ்பத்திரியிலேயே கத்தரிக்கும் கருவியால் நீக்குவர். முன்பு ஏதேனும் மருந்து பட்டுத் தோல் தடித்திருந்தாலோ மூச்சுத் திணறியிருந்தாலோ அதை மறவாமல் மருத்துவரிடம் கூற வேண்டும்.

வீடு திரும்பிய பின் தையலின் மீது மஞ்சள், எண்ணெய், பச்சிலை முதலியவற்றைப் பூசலாகாது. சிவப்பு, வீக்கம், சீழ், காய்ச்சல் இவற்றுள் எது கண்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். ஒரு மாதம் வரையிலும் கூடத் தொற்று தோன்றக்கூடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் இச்செய்திகளைக் கிராம சபையில் எடுத்துரைக்கலாம். கிராம சுகாதாரச் செவிலியரை அழைத்து விளக்கச் செய்யலாம். தம் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுத்தமான தண்ணீரும் சோப்பும் தட்டின்றிக் கிடைக்கின்றனவா என்பதையும் கவனிக்கலாம். விதைக்குமுன் நிலத்தைப் பண்படுத்தும் உழவருக்கு, கத்தி படுமுன் தோலைப் பண்படுத்துவதன் அருமையை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.