மாயர் நெசவு

உடை மானத்தைக் காப்பது. குளிரையும் வெயிலையும் தடுப்பது. அதனோடு தம் ஊரையும் மரபையும் உடையிலேயே பொறித்து வாழும் மக்களும் உலகில் உளர். நடு அமெரிக்காவில் குவாத்தமாலா நாட்டின் மலைப்பகுதியிலும், அதனை அடுத்துள்ள மெக்சிகோ நாட்டின் சியாப்பாசு மாநிலத்திலும் வாழும் மாயர் அத்தகையோர்.

மாயப் பெண்டிர் நெய்யும் தறி மிக எளியது. அதற்குச் சட்டம் இல்லை, மிதிகட்டை இல்லை. சில கோல்களும், கயிறும், ஒரு வாருமே அதன் உறுப்புகள். இரண்டு கோல்களுக்கு இடையே பாவு நூல்களைக் கட்டுவர். ஒரு கோலை மரத்திலோ தூணிலோ பிணைப்பர். மற்றொன்றை நெய்பவள் தன் இடுப்பைச் சுற்றிய வாரோடு இணைத்துக்கொள்வாள். அவள் பின்னே சாய்ந்தால் பாவு விறைக்கும். முன்னே குனிந்தால் தளரும். விழுதுக்கோலை உயர்த்தும்போது பாவு சற்றுத் தளர்தல் வேண்டும். ஊடையைச் செலுத்தி, வாள் போன்ற பலகையால் அடிக்கும்போது அது விறைத்து நிற்றல் வேண்டும். ஆகவே, அவளுடைய உடலே தறியின் தலையாய உறுப்பாகின்றது. அவள் எழுந்து சென்றால் எஞ்சுவது ஒரு கட்டுக் கோல்களே.

துணியின் அகலம் நெய்பவளின் கைகள் எட்டும் அளவினது. அகன்ற ஆடை வேண்டின், இரண்டு அல்லது மூன்று துண்டுகளை இணைத்துத் தைப்பர். பெண்கள் அணியும் 'விப்பீல்' என்னும் மேலாடை பெரும்பாலும் இவ்வாறு அமைவதே.

இவ்வாடையின் சிறப்பு அதன் கோலங்களில் உள்ளது. ஊடை ஒவ்வொரு முறை செல்லும்போதும், பாவு இழைகளை விரலால் எண்ணிப் பிரித்து, வேறு வண்ண நூலை இடையே செருகுவர். காண்போர் அதனை ஊசியால் தைத்த பூவேலை என்று மயங்குவர். உண்மையில் அது தறியிலேயே பிறந்த உருவமாகும். சாய்சதுரம், பறவை, இருதலைக் கழுகு முதலியன இங்ஙனம் தோன்றும். மகள் தாயின் அருகிலிருந்து கண்டும் செய்தும் இவற்றைக் கற்பாள். ஊருக்கு ஊர் கோலமும் வண்ணமும் வேறுபடும். ஆதலின், ஒருத்தியின் ஆடையைக் கண்டே அவள் ஊரை அறியலாம்.

இக்கலை மிகத் தொன்மையானது. கி. பி. எட்டாம் நூற்றாண்டில் யாசுச்சிலான் நகரில் செதுக்கிய கற்சிற்பம் ஒன்றில், அரசி ஒருத்தி சாய்சதுரக் கோலங்கள் நிறைந்த ஆடையுடன் காட்சி தருகின்றாள். அக்கல் இன்று இலண்டன் பிரிட்டிசு அருங்காட்சியகத்தில் உள்ளது.

1524-இல் இசுபானியர் குவாத்தமாலாவின்மேற் படையெடுத்தனர். அவர்கள் கொணர்ந்த மிதிதறியைப் பெரும்பாலும் ஆடவர் கைக்கொண்டனர். பெண்டிர் தம் பழந்தறியைக் கைவிடவில்லை. பின்னர், 1960 முதல் 1996 வரை அந்நாட்டில் உள்நாட்டுப் போர் நிகழ்ந்தது. மாயர் பல்லாயிரவர் மாண்டனர். ஊரைப் பெருமையுடன் அறிவித்த ஆடையே அப்போது பகைவர்க்குக் காட்டிக்கொடுப்பதாயிற்று. உயிர் பிழைக்க அதனைக் களைந்தோரும் உண்டு.

போர் ஓய்ந்தபின்னும் இடர் தீரவில்லை. வணிகர் அக்கோலங்களை எந்திரத் துணியில் அச்சிட்டு மலிவாக விற்கலாயினர். ஒருவர் பெயரால் அமைந்த படைப்பைச் சட்டம் காக்கும். ஓர் ஊரார் பல தலைமுறையாக வளர்த்த கோலத்திற்கு உரியவர் யார்? இவ்வினாவை எழுப்பி, மாய நெசவுப் பெண்டிர் 2016-இல் குவாத்தமாலாவின் அரசியலமைப்பு நீதிமன்றத்தில் முறையிட்டனர். தம் கோலங்களுக்குப் பாதுகாப்பு வேண்டினர்.

மாணவர்களே! கோல்களை எவரும் செய்துகொள்ளலாம். கோலமோ தாய் மகளுக்கு அளித்த செல்வம். அதனை ஆக்கிக் காத்தவர்க்கே அதன் புகழும் பயனும் சேர்தல் அறமாகும்.