கூரைமேல் சூரிய மின்சாரம்: மானியம் பெறும் முறை

உறையூரில் தறி நெய்யும் அங்கத்தினரும், திருவரங்கத் தீவில் வாழை பயிரிடும் அங்கத்தினரும் இந்நாளில் ஒரே கேள்வியைக் கேட்கின்றனர். “வீட்டுக் கூரையில் சூரிய ஒளித் தகடு அமைத்தால் அரசாங்கம் பணம் தருமாமே, அதற்கு இணையதளத்தில் பதிவு செய்வது எங்ஙனம்?” என்பதே அது. இம்மாதப் பாடம் இக்கேள்விக்கு விடை கூறும். அங்கத்தினர் இதனைத் தாம் படிப்பதோடு, எழுத்தறியா முதியோர்க்கும் படித்துக் காட்டுவாராக.

திட்டம் யாது?

பிரதமரின் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கப்பெற்றது. ஒரு கோடி வீடுகளைக் குறியாகக் கொண்ட இதற்கு, ரூ. 75,021 கோடி செலவில், 2026-27 நிதியாண்டு வரை மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மானிய அளவு: 1 கிலோவாட்டுக்கு ரூ. 30,000, 2 கிலோவாட்டுக்கு ரூ. 60,000; 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் ஆயின் ரூ. 78,000. இது வீட்டு இணைப்புக்கு மட்டுமே உரியது. வயலிலுள்ள மோட்டார் கொட்டகைக்குப் பொருந்தாது.

நமக்கு வேண்டுமா?

மானியம் கிடைக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு பொருளை வாங்குதல் சிக்கனமாகாது. முதலில் மின் கட்டண அட்டையை எடுத்துப் பார்த்தல் வேண்டும். தமிழகத்தில் வீட்டு இணைப்புக்கு இரு மாதத்திற்கு 100 யூனிட் இலவசம் என்னும் சலுகை 2016 மே 23 முதல் நடைமுறைக்கு வந்தது. கைத்தறி நெசவாளர்க்கு 200 யூனிட்டாக இருந்த இலவச அளவு 2023 மார்ச்சில் 300 ஆகவும், விசைத்தறிக்கு 750 ஆக இருந்தது 1,000 ஆகவும் உயர்த்தப்பெற்றன. ஆகவே, இச்சலுகை பெறும் கைத்தறி அங்கத்தினர் ஒருவர் இரு மாதத்தில் 280 யூனிட் செலவழிப்பாராயின், அவருக்குக் கூரைத் தகட்டால் மிச்சமாகக்கூடியது ஏதுமில்லை. கடன் வாங்கித் தகடு அமைத்தால் அவருக்கு வட்டியே மிஞ்சும்.

பெரிய குடும்பத்தின் நிலை வேறு. இரு மாதத்தில் 500 யூனிட் செலவாகும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 யூனிட் தரும். இரு மாதத்திற்கு 240 யூனிட். இரண்டு கிலோவாட் அமைத்தால் 480 யூனிட் கிடைக்கும். அவ்வீட்டிற்கு அதுவே போதும். மானியம் கூடுகிறதே என்று மூன்றாவது கிலோவாட்டையும் சேர்ப்பது, பந்திக்கு வருவோரை எண்ணாமல் உலை வைப்பது போலாகும்.

கூரையையும் பார்த்தல் வேண்டும். ஒரு கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 10 சதுர மீட்டர் நிழலற்ற இடம் தேவை. கொள்ளிடக்கரை வீடுகளில் தென்னை சூழ்ந்திருப்பது இயல்பு. ஒரு மட்டையின் நிழல் ஒரு தகட்டின்மேல் விழுந்தாலும், அதனோடு தொடராக இணைந்த பிற தகடுகளின் விளைச்சலும் குறையக்கூடும். மற்றொன்று: மின்கலம் இல்லாத சாதாரண அமைப்பு, ஊரில் மின்சாரம் நிற்கும்போது தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் மின் ஊழியரின் உயிரைக் காக்கவே அவ்வாறு அமைத்துள்ளனர். மின்தடையின்போது தறி விளக்கு எரியும் என எண்ணி இதனை வாங்குவோர் ஏமாற்றமடைவர்.

பதிவுக்கு முன்

2022 நவம்பர் 15 முதல் மின் இணைப்பு எண்ணோடு ஆதார் எண்ணை இணைக்கும் பணி நம் மாநிலத்தில் நடந்ததை அங்கத்தினர் மறந்திரார். கெடு பன்முறை நீட்டிக்கப்பெற்று 2023 பிப்ரவரி 28-இல் முடிந்தது. அப்போது வாடகைக்கு இருப்போரும், இணைப்பைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ளாதோரும் அதனைக் குறிப்பிட்டு இணைக்க இயன்றது. சூரிய மின்சார மானியத்திற்கு அவ்விலக்கை எதிர்பார்த்தல் ஆகாது. இணைப்பு யார் பெயரில் உள்ளதோ அவர் பெயரிலேயே விண்ணப்பமும் வங்கிக் கணக்கும் இருத்தல் வேண்டும். காலஞ்சென்ற தந்தையார் பெயரில் இணைப்பு நீடிக்குமாயின், முதலில் மின் வாரிய அலுவலகத்தில் பெயர் மாற்றம் செய்துகொள்க. ஓர் எழுத்து வேறுபாடும் பணம் வருவதைத் தடுக்கலாம்.

கையில் வைத்திருக்க வேண்டியவை நான்கு: அண்மைய மின் கட்டண ரசீது, ஆதார் அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம் அல்லது கோடிட்டு ரத்து செய்த காசோலை, நம்மிடமே இருக்கும் கைப்பேசி. மின் இணைப்பு எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் மண்டலத்தைக் குறிக்கும். திருச்சி மண்டலத்திற்கு அது 06 ஆகும். இதனை விட்டுவிட்டு எண்ணைப் பதிதல் கூடாது.

பதிவின் படிகள்

1. சூரிய வீடு திட்டத்தின் தேசிய இணையதளத்தில், மாநிலமாகத் தமிழ்நாட்டையும், நிறுவனமாக நமது மின்பகிர்மானக் கழகத்தையும் தேர்ந்து, இணைப்பு எண்ணைப் பதிக. கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவு எண்ணை இட்டுப் பதிவை முடிக்க.

2. விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து மின் ரசீதை இணைக்க. 10 கிலோவாட் வரை தனியே தொழில்நுட்ப ஆய்வுக்குக் காத்திருக்க வேண்டுவதில்லை.

3. இணையதளப் பட்டியலில் பதிவு பெற்ற விற்பனையாளர் ஒருவரைத் தேர்க. இருவர் மூவரிடம் விலை கேட்டு, எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்க. இந்நாட்டிலேயே செய்யப்பெற்ற தகடுகளுக்கே மானியம் உண்டு என்பதை நினைவிற் கொள்க.

4. தகடுகள் பொருத்தியபின் விவரங்களைப் பதிவேற்ற வேண்டும். மின்கழகத்தார் பார்வையிட்டு, வருவதையும் போவதையும் கணக்கிடும் இருவழி மீட்டரைப் பொருத்துவர்.

5. இயக்கச் சான்று வந்ததும் வங்கி விவரங்களை அளிக்க. 30 நாட்களுக்குள் மானியம் கணக்கில் சேரும் என்பது திட்டத்தின் விதி.

பணம் முன்னே, மானியம் பின்னே

மானியத்தை வகுக்கையில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா ரூ. 50,000 எனவும், மூன்றாவதற்கு ரூ. 45,000 எனவும் விலை மதிப்பிட்டனர். அக்கணக்குப்படி 2 கிலோவாட்டுக்கு ரூ. 1,00,000 ஆகும், மானியம் ரூ. 60,000 போக நம் பங்கு ரூ. 40,000. மூன்றாவது கிலோவாட்டையும் சேர்த்தால் நம் பங்கு ரூ. 67,000. கடைவிலை இதனின் மாறலாம். ஆனால் மானியம் எல்லாம் முடிந்த பின்னரே வருவதால், அதுவரை முழுத் தொகைக்கும் வழி தேட வேண்டியவர் நாமே. திட்டத்தின்கீழ் வங்கிகள் ஈடின்றிக் கடன் தருகின்றன. வட்டியையும் தவணையையும், மிச்சமாகும் மின் கட்டணத்தையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்த பின்னரே கையொப்பமிடுக.

எச்சரிக்கை

“மானியம் வந்துவிட்டது, கடவு எண்ணைக் கூறுங்கள்” என்று தொலைபேசியில் கேட்பவர் எவராயினும் அவருக்குக் கூறலாகாது. அரசாங்க இணையதளத்தின் முகவரி “ஜி.ஓ.வி. புள்ளி ஐ.என்.” என முடியும், அவ்வாறு முடியாத இடத்தில் விவரம் எதனையும் பதிய வேண்டா. பணம் பறிபோயின் அந்நேரமே 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவித்தல் வேண்டும். தாமதிக்குந்தோறும் மீட்கும் வாய்ப்புக் குறையும்.

சங்கத்தின் கடமை

தனியே செல்வோர் தடுமாறும் இடத்தில் கூடிச் செல்வோர் வழி காண்பர். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் பலவற்றில் பொதுச் சேவை மையங்கள் உள்ளன. படித்த இளைஞர் ஒருவர் மாதம் ஒரு நாள் அங்கு அமர்ந்து, அங்கத்தினரின் ரசீதையும் பெயரையும் சரிபார்த்துத் தந்தாலே பாதி வேலை முடிந்ததாகும். ஒரே தெருவில் ஐந்தாறு பேர் சேர்ந்து விற்பனையாளரிடம் விலை பேசினால் விலை குறையவும் இடமுண்டு.

கலந்துரையாடலுக்குரிய வினாக்கள்

1. நும் வீட்டில் சென்ற ஓராண்டில் செலவான யூனிட் எத்தனை? அதில் இலவசம் எவ்வளவு?

2. மின் இணைப்பு யார் பெயரில் உள்ளது? அவர் இன்று உள்ளாரா?

3. மானியம் வரும் வரை முழுத் தொகைக்கு நும்மிடம் உள்ள வழி யாது?

இம்மூன்றுக்கும் விடை எழுதிக்கொண்டு அடுத்த கூட்டத்திற்கு வருக. விடை சாதகமாயின் பதிவு செய்க. பாதகமாயின் துணிந்து விட்டுவிடுக. தேவையற்ற கடனைத் தவிர்த்ததும் குடும்பத்திற்குக் கிடைத்த வரவேயாகும்.