கிராமத்தாருக்கு ஏற்ற வங்கிக் கணக்கு எது?

வங்கிக் கணக்கு ஒரு காலத்தில் வசதி படைத்தோர்க்கே உரியதாயிருந்தது. இன்றோ முதியோர் உதவித் தொகையும், பால் பணமும், நெல்லின் விலையும் அதன் வழியாகவே வந்து சேருகின்றன. ஆயினும், தம் பாஸ்புத்தகம் எவ்வகைக் கணக்கிற்குரியது என்று வினவினால் நம்மில் பலர் விடை கூறார். இவ்வறியாமைக்கு விலை உண்டு. 2023 செப்டம்பரில் தமிழ்நாட்டு மகளிர்க்கு உரிமைத் தொகையாக ரூ.1,000 முதன்முறை வரவு வைக்கப்பட்டபோது, குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று சில வங்கிகள் அதிலிருந்தே பிடித்தம் செய்துகொண்டன.

சாதாரண சேமிப்புக் கணக்கில் இவ்வாறு நிகழக் கூடும். இருப்பு விதி வங்கிக்கு வங்கி மாறுபடும். பாரத ஸ்டேட் வங்கி 2020-இலேயே அதனை நீக்கிவிட்டது.

ரிசர்வ் வங்கி 2012-இல் வகுத்த 'அடிப்படைச் சேமிப்புக் கணக்கு' வேறு வகையினது. இதில் இருப்பு ஒன்றுமே இல்லாவிடினும் அபராதம் இல்லை. எத்தனை முறையும் பணம் செலுத்தலாம், மாதத்தில் 4 முறையேனும் கட்டணமின்றி எடுக்கலாம், ஏ.டி.எம். அட்டையும் இலவசம். சனிக்கிழமைதோறும் சந்தைச் செலவுக்குப் பணம் எடுப்போர், ஐந்து சனிக்கிழமைகள் வரும் மாதத்தை நினைவிற் கொள்வது நலம். இக்கணக்கு உடையவர் அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு வைத்திருத்தல் ஆகாது. பழைய கணக்கையே இவ்வகைக்கு மாற்றித் தருமாறு எழுதிக் கேட்கலாம். கேளாதவர்க்கு இதனை எடுத்துரைப்பார் அரிது.

2014 ஆகஸ்டு 28-இல் தொடங்கிய ஜன்தன் கணக்கும் இவ்வினத்ததே. 2018 ஆகஸ்டு 28-க்குப் பின் தொடங்கிய ஜன்தன் கணக்கின் ரூபே அட்டைக்கு ரூ.2 லட்சம் விபத்துக் காப்பீடு உண்டு. ஆனால் விபத்துக்கு முந்தைய 90 நாட்களுக்குள் அவ்வட்டை ஒரு முறையேனும் பயன்பட்டிருத்தல் வேண்டும். பெட்டிக்குள் பூட்டி வைத்த அட்டையால் குடும்பத்திற்கு ஒரு காசும் கிட்டாது.

உரிய சான்றாவணம் இல்லாதவர் புகைப்படமும் கைரேகையும் அளித்துச் 'சிறு கணக்கு' தொடங்கலாம். அதில் இருப்பு ரூ.50,000-க்கும், மாத எடுப்பு ரூ.10,000-க்கும் மேற்படலாகாது, 12 மாதங்களுக்குள் சான்றுக்கு விண்ணப்பித்தல் வேண்டும்.

அஞ்சலகச் சேமிப்புக் கணக்கை ரூ.500 செலுத்தித் தொடங்கலாம். வட்டி ஆண்டுக்கு 4 சதவீதம். வட்டி கணக்கிடும் முறைதான் கவனிக்கத் தக்கது. வங்கிகள் 2010 ஏப்ரல் முதல் அன்றாட இருப்புக்கு வட்டி கணக்கிடுகின்றன. அஞ்சலகமோ 10-ஆம் தேதி முடிந்த பின்னர் மாதக் கடைசி வரை இருந்த மிகக் குறைந்த இருப்பையே கொள்ளும். ஆகவே 12-ஆம் தேதி செலுத்திய பணத்திற்கு அம்மாதம் வட்டி இல்லை. 8-ஆம் தேதி செலுத்தி எடுக்காது விட்டால் உண்டு.

எவ்வங்கியாயினும், இரண்டு ஆண்டுகள் வரவு செலவு செய்யாத கணக்கு செயலற்றதாகிவிடும். அதனை மீண்டும் இயங்கச் செய்யக் கட்டணம் வாங்குதல் கூடாதென்பது ரிசர்வ் வங்கியின் விதி.